படத்துக்குப் பின்னால் எழுதுங்கள்

பழைய போட்டோவைப் பார்த்தால் பழைய நாட்கள் திரும்பி வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 65 வயது வரை நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு படம் உண்டு. புதுச்சேரியில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. நாற்காலியில் அம்மா. மடியில் சட்டை போடாத, இடுப்பில் வெள்ளி அரைஞாண் கட்டிய குழந்தை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா. பின்னால் திரைச்சீலையில் ஓர் ஏரி, மாடிப்படி, பூந்தொட்டி. சிறுவனாக இருந்தபோது அந்தக் குழந்தையைக் காட்டி, "இது நான்தானே?" என்று அம்மாவைக் கேட்டேன். "ஆமாம்" என்றார்.

அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. அந்த நாளே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. போட்டோகிராபர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டது, நான் பயந்து அழுதது, யாரோ கிலுகிலுப்பை ஆட்டியது, அம்மாவின் பெட்டிப் புடவையில் வீசிய பாச்சை உருண்டை வாசனை. பேரன் பேத்திகள் வரை எல்லோரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். "கைக்குழந்தைக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?" என்று மனைவி கேட்பாள். "எனக்கு இருக்கிறதே" என்பேன்.

அம்மா காலமான பிறகு படம் அக்காவிடம் போனது. அக்கா கோட்டூர்புரத்தில் தரைத்தள வீட்டில் இருந்தார். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்தார்கள் என்பது உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். அடையாற்றங்கரையில் இருந்தவர்களுக்கு மறக்காது. அக்காவை மாடி வீட்டுக்காரர்கள் மேலே அழைத்துப் போய்விட்டார்கள். வீட்டுக்குள் மார்பளவு தண்ணீர். போன் வேலை செய்யவில்லை. மயிலாப்பூரிலிருந்து கோட்டூர்புரம் எவ்வளவு தூரம்? மூன்று நாள் கழித்துத்தான் நான் போய்ச் சேர்ந்தேன்.

மெத்தை போனது, பிரிட்ஜ் போனது, பீரோ வீங்கிக் கதவு திறக்கவில்லை. அதைப்பற்றி அக்கா பெரிதாகப் பேசவில்லை. "ஆல்பத்தைப் பாரு தம்பி" என்றார். மூன்று ஆல்பங்கள். பிளாஸ்டிக் வாளியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நனைந்த படங்களை அப்படியே உலரவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கல்லாகிவிடும். படத்தின் மேல் பூச்சு ஜெலட்டின். தண்ணீரில் ஊறும், காய்ந்தால் பசை. அதனால் நல்ல தண்ணீர் நிரப்பிய தட்டில் போட்டு, மெதுவாகப் பிரித்து, முகம் மேலே இருக்கும்படி துணியில் பரப்பி, வெயில் படாமல் உலர்த்த வேண்டும். இது எனக்கு முன்பே தெரிந்ததல்ல, அடுத்த வீட்டுப் பையன் படித்துச் சொன்னான். சுவாமி அறை முழுக்கப் படங்கள். இரண்டு நாள் விளக்கு ஏற்றவே இடமில்லை.

ஒரு விஷயம் கவனித்தேன். 1950, 60-களின் கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் தப்பித்தன. கறுப்புக் காகித ஆல்பத்தில் நான்கு மூலைக்கும் கார்னர் வைத்துச் செருகியவை. கார்னர் கழன்றதும் கையோடு வந்துவிட்டன. 1980-களில் நாம் பெருமையாக வாங்கினோமே, பிளாஸ்டிக் தாளைத் தூக்கி ஒட்டும் ஆல்பம், அதில் இருந்த கலர்ப் படங்கள்தான் போயின. அக்கா மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் குழம்பு.

நான் சொன்ன படம் ஆல்பத்தில் இல்லை. கண்ணாடி பிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. பிரேமைப் பிரித்தபோது, பின்பக்கம் பிரேம் கடைக்காரர் ஒட்டியிருந்த பழுப்புக் காகிதம் ஊறி உரிந்து வந்தது. அடியில் ஸ்டுடியோ அட்டை. அட்டையில் அப்பாவின் கையெழுத்து, பென்சிலில், பிரெஞ்சில்: "ஓன்ஸ் முவா, நொவாம்ப்ர் 1948". பதினோரு மாதம், நவம்பர் 1948.

நான் பிறந்தது 1950.

அப்பா தேதியில் தவறு செய்கிறவர் அல்ல. அட்டையை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். அப்போது அவர் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அது நீ இல்ல தம்பி. உனக்கு முன்னால பொறந்தவன். படம் எடுத்து ஒரு மாசம் இருந்தான். காய்ச்சல்."

"அப்ப அம்மா ஏன் நான்தான்னு சொன்னாங்க?"

"நீ கேட்டே. ஆமாம்னுட்டாங்க. வேற என்ன சொல்லுவாங்க?"

"நீயாவது சொல்லியிருக்கலாமே அக்கா."

"அம்மா சொன்னதை நான் மாத்தச் சொல்றியா?"

67 வருடம் அந்தக் குழந்தைக்கு இந்த உலகத்தில் இருந்தது ஒரே ஒரு படம். அதையும் நான் எனக்கென்று எடுத்துக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும் உண்மை படத்திலேயே இருந்தது. அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அந்தக் குழந்தை நானாக இருந்தால், பக்கத்தில் நிற்கும் அக்காவுக்குப் பத்து வயது இருக்க வேண்டும். நிற்பது ஏழு வயதுப் பெண், முன்பல் விழுந்த வாய். ஆயிரம் தடவை பார்த்த படம். எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் எனக்கு ஞாபகம் இருந்த கறுப்புத் துணி, கிலுகிலுப்பை, பாச்சை உருண்டை எல்லாம் எங்கிருந்து வந்தன? நானே செய்துகொண்டவை. இதில் நான் தனி ஆள் இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல். கிம்பர்லி வேட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2002-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 20 பேரிடம் அவர்களுடைய சிறுவயதுப் படங்களைக் காட்டினார்கள். அவற்றோடு, அவர்கள் வெப்பக்காற்று பலூனில் பறப்பதுபோல் ஒட்டுவேலை செய்த ஒரு பொய்ப்படம். அவர்களில் யாரும் அப்படிப் பறந்ததில்லை. மூன்று முறை பேட்டி எடுத்து முடிவதற்குள் பாதிப் பேர் பலூனில் போனதைப்பற்றி ஏதாவது சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஒட்டுவேலை தேவைப்பட்டது அவர்களுக்கு. எனக்கு அம்மாவின் ஒரு "ஆமாம்" போதுமானதாக இருந்தது.

எனவே என் அபிப்பிராயம் இதுதான். படம் நினைவைக் கொண்டுவருவது பாதி உண்மை. சில சமயம் இல்லாத நினைவையும் அதுவே உண்டாக்கிவிடும். எது எது என்று சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும், அல்லது பின்பக்கத்தில் நாலு எழுத்து வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் அது வெறும் அட்டை.

பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்ததால் எனக்கு ஒரு வார்த்தை விசித்திரமாகப் படும். பிரெஞ்சில் 'சுவெனிர்' என்றால் நினைவு. மயிலாப்பூருக்கு வந்து பார்த்தால், சபாக்காரர்கள் டிசம்பரில் போடும் விளம்பரப் புத்தகத்துக்குப் பெயர் சாவனிர். நூறு பக்கம் விளம்பரம், நடுவில் வாழ்த்துச் செய்தி. முதலில் சிரித்தேன். இப்போது நம் வீட்டு ஆல்பங்களும் ஏறக்குறைய அப்படித்தானே என்று தோன்றுகிறது. எல்லோரும் தெரிகிறார்கள், யாரையும் தெரியவில்லை.

ரொலான் பார்த் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1980-ல் போட்டோவைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். தாயார் 1977-ல் இறந்தபிறகு, பழைய படங்களைப் புரட்டி அவரைத் தேடுகிறார். எதிலும் கிடைக்கவில்லை. கடைசியில் அம்மா ஐந்து வயதுச் சிறுமியாக, கண்ணாடிக் கூரை போட்ட ஒரு செடிக்கூடத்தில் நிற்கும் படத்தில் கண்டுபிடிக்கிறார். புத்தகத்தில் எத்தனையோ படங்கள் அச்சாகியிருக்கின்றன. அந்தப் படம் மட்டும் இல்லை. மற்றவர்களுக்கு அது இன்னொரு பழைய படம்தான் என்பது அவர் சொல்லும் காரணம். வேலையில் இருந்தபோது படித்தேன், ஏதோ எழுத்தாளரின் பிகு என்று நினைத்தேன். இப்போது புரிகிறது.

அந்தப் 'பழைய படம்' எத்தனை ஆயிரம் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் செய்த வேலையைப் பாருங்கள். 1955-ல் தொடங்கிய நிறுவனம். முன்பு கோயில்களைப் படமெடுத்துத் தொகுத்தவர்கள். பிறகு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களில் அழிந்துகொண்டிருந்த படங்களைத் தேடி ஸ்கேன் செய்தார்கள். இணையத்தில் பார்க்கலாம். ஒரு நாள் மத்தியானம் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்து, விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. புதுத் தம்பதிகள், கோட்டுப் போட்டுச் செருப்பில்லாமல் நிற்கும் பெரியவர்கள், மேஜைமேல் கைவைத்த வாலிபர்கள். எல்லாம் நம் ஜனங்கள்தான். முகஜாடைகூடப் பழக்கமானதாக இருக்கிறது. ஆனால் யார்? எந்த ஊர்? யாருக்குப் பாட்டி? அவர்கள் காப்பாற்றாவிட்டால் இவ்வளவும் பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் பெயரைக் காப்பாற்றுவது நிறுவனத்தால் ஆகாது. அது வீட்டில்தான் நடக்க வேண்டும்.

ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பிறகு யாமமோட்டோ என்ற ஊரில், சேற்றில் கிடந்த சுமார் 7,50,000 படங்களைத் தொண்டர்கள் பொறுக்கிக் கழுவி, ஊர்க்காரர்கள் வந்து தங்கள் முகத்தைத் தேடிக்கொள்ளும்படி வைத்தார்கள். அங்கே சொந்தக்காரர்கள் நேரில் வந்து அடையாளம் சொன்னார்கள். வெள்ளம் வடிந்த வாரத்தில் அக்கா தெருவில் நான் பார்த்தது வேறு. தலையணை, மெத்தை, பாடப் புத்தகங்களோடு ஆல்பங்களும் குப்பை மேட்டில் கிடந்தன. ஒரு கல்யாண ஆல்பம் திறந்தபடி. மணப்பெண் முகம் மட்டும் மிச்சம்.

நான் எழிலகத்தில் 33 வருடம் குமாஸ்தாவாக இருந்தவன். ந.க. எண் இல்லாத கடிதத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்பது அங்கே முதல் பாடம். யார் எழுதியது, எந்தக் கோப்பைச் சேர்ந்தது, எப்போது வந்தது? கோப்பு முடிந்ததும் அதன் ஆயுளையும் நாங்களே எழுதுவோம். எல்.டிஸ். என்றால் ஒரு வருடம், டி.டிஸ். என்றால் பத்து வருடம், ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். ஊரார் காகிதத்துக்கெல்லாம் இப்படிப் பார்த்துப் பார்த்து எழுதிய எனக்கு, சொந்த வீட்டுப் படத்தின் பின்னால் ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. பேரனின் போனில் 14,000 படங்கள் இருக்கின்றன. முக்கால்வாசி எல்.டிஸ். இதில் வேடிக்கை, அந்தப் போன் முகத்தை எடுத்துக் காட்டி, "இவர் யார்? பெயர் சேர்க்கவா?" என்று கேட்கிறது. அதற்கு இருக்கும் புத்தி நமக்கு இல்லை.

"எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிடுங்கள் தாத்தா, கவலையே இல்லை" என்கிறார்கள் பிள்ளைகள். செய்யட்டும். ஆனால் முன்பக்கத்தைத்தானே ஸ்கேன் செய்கிறார்கள்? பின்பக்கத்தில் ஸ்டுடியோ முத்திரை இருக்கும், தேதி இருக்கும், யாருக்கு அனுப்பியது என்று இருக்கும். ஸ்கேன் ஆனதும் ஒரிஜினலைத் தூக்கிப் போட்டுவிட்ட ஒரு வீட்டை எனக்குத் தெரியும். வயிறு எரிந்தது.

தேதியை ஓரளவு படமே சொல்லிவிடும், நம் ஊர்ப் படமாக இருந்தால். பின்னால் டிராம் தெரிந்தால் 1953-க்கு முன். உழைப்பாளர் சிலை தெரிந்தால் 1959-க்குப் பின். கடற்கரையில் கண்ணகி இருந்தால் 1968-க்குப் பின், அதிலும் 2001 டிசம்பரிலிருந்து 2006 ஜூன் வரை அவர் அங்கே இல்லை. அடையாறு ஆலமரத்தடியில் எடுத்த படம் இல்லாத வீடு தென்சென்னையில் உண்டா? நடு அடிமரம் நின்றுகொண்டிருந்தால் 1989 புயலுக்கு முன். எங்களிடமும் ஒன்று இருக்கிறது, அடிமரத்தைச் சுற்றிக் கைகோத்து ஒன்பது பேர். ஊட்டியில் தயாரான இந்து பிலிமில் எடுத்தது. 1967-ல் உற்பத்தி தொடங்கிய அந்தத் தொழிற்சாலைக்குத் தொழில்நுட்பம் கொடுத்தது ஒரு பிரெஞ்சுக் கம்பெனி என்பதில் எங்கள் அப்பாவுக்கு அசட்டுப் பெருமை. அந்தத் தொழிற்சாலையும் மூடியாகிவிட்டது. ஒன்பது பேரில் எனக்குத் தெரிந்தவர்கள் ஆறு.

ஆக, வருடத்தை மரமும் சிலையும் சொல்லும். ஆளைச் சொல்லாது. என் பள்ளி வகுப்புப் படத்தில் முன்வரிசைப் பையன் மடியில் ஒரு சிலேட்டு, அதில் வகுப்பும் வருடமும் அழகான எழுத்தில் இருக்கிறது. வாத்தியார் பிரெஞ்சுக்காரர், வெள்ளை டிரில் சூட்டில் வியர்த்துக்கொண்டு நிற்கிறார். 32 பையன்கள். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்துக்கொண்டு பிரான்சுக்குப் போனவர்கள் இதில் சிலர் இருக்கிறார்கள். பெயர் சொல்ல எனக்குத் தெரிந்தவர்கள் 11. அந்த 11-லும் ஒன்றிரண்டு நானே கற்பனை செய்ததோ என்று இப்போது சந்தேகம்.

எழுதுவதிலும் ஒரு முறை இருக்கிறது. பேனா வேண்டாம். மை தண்ணீரில் கரையும். பால்பாயின்ட் பேனாவை அழுத்தினால் முன்பக்கம் முகத்தில் தடம் விழும். அப்பாவின் எழுத்து வெள்ளத்தில் தப்பியது பென்சில் என்பதால்தான். கலர்ப் படத்தின் பின்பக்கம் வழவழப்பாக இருந்து பென்சில் ஏறாவிட்டால், காகித உறையில் போட்டு உறையின் மேல் எழுதுங்கள். முக்கியமாக, உறவுமுறையை மட்டும் எழுதாதீர்கள். ஒரு படத்தின் பின்னால் என் சித்தப்பா 'சின்னம்மாவும் நானும்' என்று எழுதியிருக்கிறார். யாருக்குச் சின்னம்மா? அவருக்கா, எழுதிக் கொடுத்த பெண்ணுக்கா? பெயர், யார் மகள், எந்த ஊர், என்ன விசேஷம். இவ்வளவு போதும். தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுதுங்கள். என்னைப்போல் கற்பனை செய்ய வேண்டாம்.

சின்னச் சின்ன விஷயங்களும் எழுத வேண்டியவைதான். என் மகளுக்குத் தி.நகரில் ஒரு ஸ்டுடியோவில் பூஜடை படம் எடுத்தோம். பின்னல் தெரிய வேண்டும் என்று பின்னால் கண்ணாடி வைத்து எடுப்பார்களே, அது. கண்ணாடியில் ஓரமாக ஒரு கை தெரியும். யார் கை என்று பேத்தி கேட்டாள். பூத்தைத்த பக்கத்து வீட்டு மாமியின் கை. ஜடை கழன்றுவிடுமோ என்று ஸ்டுடியோவுக்குள்ளேயே வந்து நின்றிருந்தார். மூன்று மணி நேரம் உட்கார்ந்து தைத்தவர், காசு வாங்கமாட்டேன் என்றார். மகளே அதை மறந்துவிட்டாள். எனக்குத் தெரிந்திருந்தது, எழுதிவிட்டேன்.

அக்கா எங்கள் வீட்டில் இருந்த அந்த டிசம்பரில் நாலு மத்தியானம் உட்கார்ந்தோம். நான் படத்தை எடுத்துக் கொடுப்பேன், அவர் சொல்வார், நான் எழுதுவேன். அக்காவின் ஞாபகம் ஆச்சரியமானது. யார் காதில் என்ன தோடு, அது எப்போது அடகு போனது என்பது வரை சொன்னார். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு படங்களுக்கு மேல் போகவில்லை, ஒவ்வொன்றுக்கும் கதை. 43 படங்கள் முடிந்தன. பிறகு வீட்டைச் சுத்தம் செய்தாகிவிட்டது என்று கோட்டூர்புரம் போய்விட்டார். மிச்சத்தைப் பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். பொங்கலுக்கு அவர் பேத்தி வீட்டில் விசேஷம். அப்புறம் எனக்குக் கண் ஆபரேஷன். அப்புறம் கோடை. இப்படியே இரண்டு வருடம். பிறகு ஒரு நாள் படங்களை எடுத்துக்கொண்டு போனபோது, அக்கா அம்மாவின் படத்தைப் பார்த்து, "இது யாரு, நல்லா லட்சணமா இருக்காங்க" என்றார்.

அக்கா போய் மூன்று வருடம் ஆகிறது. 60-க்கு மேற்பட்ட படங்கள் பெயரில்லாமல் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன.

1948-ஆம் வருடப் படத்துக்குப் புது பிரேம் போட்டுவிட்டேன். அப்பாவின் வரிக்குக் கீழே, அவனுக்கு வைத்திருந்த பெயரை நான் பென்சிலால் எழுதியிருக்கிறேன். அக்கா சொன்ன பெயர். பழுப்புக் காகிதம் ஒட்ட வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொன்னேன், "பூச்சி வரும் சார்" என்றார். வரட்டும் என்றேன். அந்தப் படத்தை இங்கே போடவில்லை.

அம்மாவுக்குப் புதுச்சேரியில் பக்கத்து வீட்டில் இருந்த ஓர் அம்மாள், 91 வயது, இப்போது பெசன்ட் நகரில் மகன் வீட்டில் இருக்கிறாராம். காது மந்தம், கண் நன்றாகத் தெரிகிறது என்று மகன் போனில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை டின்னை எடுத்துக்கொண்டு போகிறேன். பென்சில் சீவி வைத்திருக்கிறேன்.